வேலாயி கேட்ட இறந்தகாலம்

வேலாயிக்கு நிகழ்காலம் வேண்டாமாம். முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

நான் "ஐ ஆம், யூ ஆர், ஹி இஸ்" என்றுதான் ஆரம்பித்தேன். கான்வென்டில் எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தார்கள். எதிர் வரப்பில் மரவள்ளிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்த வேலாயி நிமிர்ந்து, மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இது என்னா பாப்பா?"

"நான் இருக்கேன், நீ இருக்க, அவன் இருக்கான்னு அர்த்தம்க்கா."

"நான் இருக்கேன்னு எனக்குத் தெரியாதா? அதச் சொல்ல இன்னொரு பாஷை வேற வேணுமாக்கும். எனக்கு நடந்ததச் சொல்ற வார்த்தையக் குடு. சொன்னான், போனான், வரல. அது மட்டும் போதும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குக் கோபம் வர அதிக நேரம் பிடிக்காது. மூக்கு நுனியில் மிளகாய் என்பாள் அம்மா. இலக்கணம் என்ன மளிகைக் கடையா, வேண்டியதை மட்டும் பொட்டலம் கட்டி வாங்கிப் போக?

"அப்படிப் பிச்சுப் பிச்சுக் குடுக்க முடியாதுக்கா. முதல்ல நிகழ்காலம், அப்புறம்தான் இறந்தகாலம், அதுக்கும் அப்புறம் எதிர்காலம். ஒழுங்குன்னு ஒண்ணு இருக்கு."

"ஒழுங்கெல்லாம் வச்சுக்க. எனக்கு நேரம் இல்ல. அடுத்த லோரி வர்றதுக்குள்ள வேணும்."

லோரி என்ற சொல்லைக் கேட்டதும் என் ஒழுங்கை மடித்து வைத்துவிட்டேன்.

அது நாற்பத்துமூன்றாம் வருஷம். எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை, ஆசையாக வளர்த்த நாயைக்கூட விட்டுவிட்டு ரிங்லெட் வழியாக மலையடிவாரத் தாப்பாவுக்கு இறங்கி ஓடி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவருடைய பங்களாவில் இப்போது ஒகாவா என்ற ஜப்பான் ஆபீசர் இருந்தான். மேற்குச் சரிவில் தேயிலையைப் பிடுங்கி எறிந்துவிட்டு மரவள்ளி நடச் சொன்னவன் அவன்தான். மிச்சமிருந்த செடிகளில் பேருக்குக் கொழுந்து கிள்ளினோம். அரிசியைக் கனவில் பார்த்தவர்கள்கூட மறுநாள் பெருமையாகச் சொல்லிக்கொண்ட காலம்.

நான் பார்பரா. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரசர் அல்போன்ஸின் மகள். சண்டை வராமல் இருந்திருந்தால் ஈப்போவில் படிப்பை முடித்து டீச்சர் ஆகியிருப்பேன். சண்டை வந்தது, கான்வென்டை மூடினார்கள், நான் மலையேறி வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். கொஞ்ச காலம் வீட்டுக்குள் அடைந்து கிடந்தேன். பிறகு, டிரசர் வீடு, கிராணி வீடு என்ற பேதமில்லாமல் எல்லாப் பெண்களும் காட்டு வேலைக்கு வர வேண்டும் என்று உத்தரவு வந்தது. முதல் நாளே என் உள்ளங்கை கொப்புளித்து உடைந்தது. பக்கத்து வரப்பில் நின்ற வேலாயிதான் தன் தலைத்துணியின் ஓரத்தைக் கிழித்துக் கட்டிவிட்டாள். அந்தக் கட்டுக்குக் கூலியாகத்தான் இங்கிலீஷ் கேட்டாள் என்று பிறகு அவளைக் கேலி செய்வேன்.

இங்கிலீஷ் பேசக்கூடாது, படிக்கக்கூடாது, புத்தகம் வைத்திருக்கக்கூடாது என்பது சட்டம். அப்பா என் இலக்கணப் புத்தகத்தை வெந்நீர் அடுப்பில் வைத்தார். நான் கத்திய கத்தலுக்கு, "உசுரு முக்கியமா, கிராமர் முக்கியமா?" என்று கேட்டார். "ரெண்டும்" என்றேன். அவர் என்னை அடிக்கவில்லை. அட்டை கெட்டியானது, எரிய நேரம் பிடித்தது. எரியட்டுமே! பக்கம் பக்கமாக அது என் மண்டைக்குள் இருந்தது. அதை எந்த அடுப்பில் கொண்டுபோய் வைப்பார்கள்?

இதில் வேடிக்கை என்னவென்றால், தடை போட்ட ஒகாவாவே இங்கிலீஷில்தான் வேலை வாங்கினான். அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆபீஸ் கணக்கெழுதும் நாகரத்தினம் கிராணிக்கு ஜப்பான் பாஷை வராது. இருவருக்கும் நடுவில் கிடந்தது வெள்ளைக்காரன் விட்டுப்போன பாஷை ஒன்றுதான். "யெஸ்டர்டே ரெயின், வர்க் நோ பினிஷ்" என்பான் ஒகாவா. அவன் பேச்சில் காலமே கிடையாது, நேற்றும் நாளையும் அவனுக்கு ஒன்றுதான். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பல் கூசும்.

"உனக்கு இதெல்லாம் எதுக்குக்கா? மாட்டிக்கிட்டா தோலை உரிச்சுடுவான்" என்று வேலாயியிடம் கேட்டேன்.

அவள் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தாள். "துரை இருக்கறப்ப, லயத்துப் புள்ளைங்களுக்கு இங்கிலீஷ் எதுக்குன்னு கேட்டான். தமிழ்ப் பள்ளிக்கூடத்தோட போதும்னுட்டான். இப்ப இவன் வந்து, பேசுனா ஒதைப்பேங்கிறான். அவனும் வேணாங்கிறான், இவனும் வேணாங்கிறான். சண்டைக்காரனுங்க ரெண்டு பேரும் ஒரே பொருள ஒளிச்சு வைக்கிறானுங்கன்னா, அதுல என்னமோ இருக்குலா பாப்பா."

அதற்குள் இருந்த இன்னொரு காரணத்தை அவள் வேறொரு நாள் சொன்னாள். சண்டைக்கு முன்னால் அவள் வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். மழைச் சரிவில் கூடை சுமக்க முடியவில்லை, கீழ்க்காட்டில் வேலை கொடுங்கள் என்று கேட்கத் துரையின் ஆபீசுக்குப் போனாள். எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கூலிக்காரர்கள் துரையிடம் பேச மாட்டார்கள். கங்காணியிடம் சொல்ல வேண்டும், கங்காணி கிராணியிடம் சொல்வார், கிராணி துரையிடம் சொல்வார். துரை கைக்கெட்டும் தூரத்தில் நின்றாலும் கிராணியின் முகத்தைப் பார்த்துத்தான் பேச வேண்டும். துரையை நிமிர்ந்து பார்ப்பதே மரியாதைக் குறைவு.

"நான் கிராணி மூஞ்சியப் பாத்துச் சொன்னேன். அவரு துரைகிட்ட இங்கிலீஷ்ல சொன்னாரு. சொல்லச் சொல்ல, துரை மூஞ்சி செவந்துக்கிட்டே போவுது. நான் என்னா கேட்டேன்? கீழ்க்காட்டுல வேலை. அதுக்கு எதுக்கு ஒருத்தனுக்குக் கோவம் வரணும்? என் வாயிலிருந்து போனது ஒண்ணு, அந்தாளு வாயிலிருந்து வந்தது ஒண்ணு. மறுநாளு என்னய உச்சிக்காட்டுக்குத் தூக்கிப் போட்டானுங்க. அங்கதான் சறுக்கி விழுந்தேன்."

பிள்ளை தங்கவில்லை. அதை அவள் சொல்லவில்லை, கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயம் முழுக்கத் தெரிந்த விஷயம். அவள் கணவன் செல்லையா ஆபீஸ் வாசலில் நின்று கிராணியை வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறான். நாகரத்தினம் கிராணி அதை மறக்கிற ஆள் இல்லை.

இப்போது லோரி விஷயத்துக்கு வருகிறேன். சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்தான். எங்கள் தோட்டத்திலிருந்து முதல் லோரி போனபோது நான் வீட்டில் இருந்தேன். பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் கூட்டத்துக்கு, அப்போது நான் போவதில்லை. லயத்து ஆட்கள் சொல்லிக் கேட்டதுதான். ஆட்கள் லோரியில் ஏற மறுத்து முரண்டு பிடித்தார்களாம். ஒகாவா ஏதோ கத்தினானாம். கிராணி முன்னே வந்து, "ஆபீசர் வாக்குக் குடுத்திருக்கார். வீட்டுக்கு ஒருத்தர் போனாப் போதும். ஒருத்தர் போன வீட்டுல இன்னொருத்தரத் தொட மாட்டார்" என்று தமிழில் சொன்னாராம். அதை நம்பித்தான் செல்லையாவின் தம்பி வேலப்பன், "அண்ணனுக்குக் குடும்பம் இருக்கு, நான் போறேன்" என்று தானாகவே ஏறினான். தாலி கட்டாத பையன். அவனும் திரும்பவில்லை, அவனோடு போன ஒருவரும் திரும்பவில்லை.

அடுத்த லோரி வரப்போகிறது என்று பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கிலிருந்து செய்தி வந்தது. செல்லையாவின் பெயரைக் கிராணி கட்டாயம் சேர்ப்பார் என்று வேலாயிக்குத் தெரியும். ஒகாவாவிடம் போய் அவன் கொடுத்த வாக்கை நினைவுபடுத்த வேண்டும். யார் மூலமாக? அதே கிராணி மூலமாகவா?

"நடுவுல ஆளே வேணாம் பாப்பா. நானே சொல்றேன். நீ சொன்ன, எங்க வீட்ல ஒருத்தன் போனான், வரல. இவ்வளவுதானே? இது எல்லாமே முடிஞ்சுபோனதுதானே? அதனாலதான் எனக்கு முடிஞ்சதச் சொல்ற வார்த்தை போதுங்கிறேன்."

அதற்குப் பிறகு நான் நிகழ்காலத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

வரப்புக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் வேலாயி. அவளுக்குக் கீழே அடுத்த வரப்பில் தங்கம்மா. தங்கம்மாவுக்குப் பாடத்தில் நாட்டமில்லை. "பல்லு போற வயசுல எனக்கு எதுக்கு இந்த இஸ்ஸு புஸ்ஸு?" என்பாள். ஆனால் காவல் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். ஒகாவா பாதையில் தலை காட்டினால் இருமுவாள். உடனே நாங்கள் மாரியம்மன் பாட்டுக்குத் தாவிவிடுவோம். ஞாயிறு தவறாமல் ஜெபமாலை உருட்டிய நான் அந்தப் பாட்டை எங்கே கண்டேன்? வாயை மட்டும் அசைப்பேன். மாதாவும் மாரியம்மனும் என்னைப் பொறுத்துக்கொண்டார்கள்.

வேலாயி சொல்லுக்குச் சொல் சண்டை போட்டுத்தான் படித்தாள். "கோ, வென்ட்" என்றால், "கோவுக்கும் வென்டுக்கும் என்னா உறவு? ஒரு எழுத்துகூட ஒட்டலையே" என்பாள். "வந்தான்னா ஆம்பளை, வந்தாள்னா பொம்பளை. இதுல போனது யாருன்னே தெரியல. என்னா அரைகுறைப் பாஷை!" என்பாள். ஆள் யாரென்று முன்னாலேயே சொல்லிவிட வேண்டும் என்று விளக்கினேன். அப்போதுதான் 'யூ' வந்தது.

"எனக்கும் யூ, உனக்கும் யூவா?"

"ஆமா."

"துரைக்கு?"

"யூதான்."

"துரை நாய்க்கு?"

"அதுக்கும் யூதான்."

வேலாயி மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தங்கம்மா பதறிப்போய் சும்மாவே இருமினாள். "இத மொதல்லயே சொல்லியிருந்தா எப்பவோ படிச்சிருப்பேனே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் வேலாயி.

இன்னொரு நாள், காலம் மாறினாலும் உருவம் மாறாத சொற்களைச் சொன்னேன். வெட்டுவதற்கு 'கட்', நேற்று வெட்டியதற்கும் 'கட்'. அடிப்பதற்கு 'ஹிட்', அடித்ததற்கும் 'ஹிட்'. வலிக்கச் செய்வதற்கு 'ஹர்ட்', செய்ததற்கும் 'ஹர்ட்'. வேலாயி மண்ணை இழுத்துப் போட்டாள்.

"அது சரியாத்தான் வச்சிருக்கான். அடியும் வெட்டும் எப்ப மாறிச்சு, வார்த்தை மாறுறதுக்கு?" என்றாள்.

அவளுக்குக் கடைசிவரை வராமல் சண்டித்தனம் செய்தது 'டிட் நாட்'தான். "ஹி டிட் நாட் கேம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கத்தினேன். "டிட் நாட் வந்தாச்சுன்னா கேம், கம் ஆயிடணும்! வென்ட், கோ ஆயிடணும்! எத்தனை தடவ சொல்றது?"

"இல்லைங்கிற வார்த்தை வந்துட்டா, போனது திரும்பி வந்துடுதா?"

"அப்படித்தான் வச்சுக்கயேன்."

"அப்ப எங்க வேலப்பன் டிட் நாட் கோ" என்றாள். நான் சட்டென்று பேச்சை மாற்றிவிட்டேன். அதன் பிறகு அவள் அந்த இடத்தில் தவறு செய்யவே இல்லை.

முழு வாசகத்தையும் நான்தான் கட்டிக் கொடுத்தேன். யூ செட், ஒன் ஹவுஸ், ஒன் மேன். மை ஹஸ்பண்ட்ஸ் பிரதர் வென்ட். ஹி டிட் நாட் கம் பேக். நிரை ஏறும்போதும் இறங்கும்போதும், மரவள்ளிக் குச்சியை ஊன்றும்போதும் அதையே சொன்னாள். மேல் வரப்பிலும் கீழ் வரப்பிலும் இருந்த பெண்கள் காதில் விழுந்துகொண்டேதான் இருந்திருக்கும். நான் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனிக்காமல் விட்ட இன்னொன்றும் இருந்தது.

லோரி வந்த காலையில் மூடுபனி இறங்கிப் பக்கத்து ஆள் தெரியவில்லை. பெரட்டுக் களத்தில் எல்லோரும் ஜப்பான் சக்கரவர்த்திக்காகக் கிழக்கே பார்த்துக் குனிந்து கும்பிட்டு நிமிர்ந்தோம். நிமிர்ந்தபோது, களத்தின் ஓரத்தில் லோரி நின்றது. துப்பாக்கியோடு சிப்பாய்கள் இறங்கினார்கள். ஒகாவா பெட்டிமேல் ஏறி நின்றான். அவனுக்குப் பக்கத்தில் நாகரத்தினம் கிராணி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு. தோட்டமே சாக்கைக் கட்டிக்கொண்டு நின்றபோது அவருக்கு மட்டும் எங்கிருந்துதான் கஞ்சி கிடைத்ததோ, சட்டைக்குப் போட!

கிராணி பெயர்களைக் கூப்பிட்டார். தங்கம்மாவின் மூத்த மகன் தங்கராஜு. லூர்தம்மாளின் மகன் ஹரோல்ட்; அவனுடைய அப்பா முதல் லோரியிலேயே போனவர். இன்னும் சிலர். பிறகு, "செல்லையா."

செல்லையா தலைத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். "போயிட்டு வந்துடறேன். நீ எதுவும் பேசி வைக்காதே" என்று மனைவியிடம் சொன்னான்.

"உன் தம்பியும் இதையேதான் சொன்னான்" என்றாள் வேலாயி. அவன் லோரியில் ஏறும்வரை காத்திருந்தாள். பிறகு வரிசையை விட்டு வெளியே வந்தாள்.

பெரட்டில் பெண் ஒருத்தி வரிசையை விட்டு வருவதே புதிது. கங்காணி "ஏய், ஏய்" என்றார். அவள் நேரே போய்ப் பெட்டியின் முன்னால் நின்றாள். ஐயோ, 'கம்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'கேம்' என்று சொல்லிவிடுவாளோ என்றுதான் அந்த நேரத்திலும் எனக்குப் பயம். என் புத்தி அப்படி.

"யூ செட்!" என்றாள் வேலாயி.

பனிக்குள் அந்தக் குரல் கணீரென்று கேட்டது. "யூ செட், ஒன் ஹவுஸ், ஒன் மேன். மை ஹஸ்பண்ட்ஸ் பிரதர் வென்ட். ஹி டிட் நாட் கம் பேக்."

ஒரு பிசகில்லை. ஆனால் அவள் ஒகாவாவைப் பார்த்துச் சொல்லவில்லை. கிராணியைப் பார்த்துச் சொன்னாள்.

எங்கே பார்த்துச் சொல்ல வேண்டும் என்று நான் சொல்லிக் கொடுக்கவே இல்லை. எனக்கு அது தோன்றவே இல்லை. அவளுடைய அப்பனும் தாத்தனும் கிராணியின் முகத்தைப் பார்த்தே பேசிப் பழகியவர்கள். நாக்கில் இங்கிலீஷ் ஏறியும் கழுத்து பழைய பக்கமே திரும்பியது. எல்லாம் போச்சு என்று நான் பல்லைக் கடித்தேன்.

ஒகாவா அவளைப் பார்த்தான். அவள் பார்வை போன வழியே திரும்பிக் கிராணியைப் பார்த்தான்.

"யூ செட்?" என்று கிராணியிடம் கேட்டான்.

நாகரத்தினம் கிராணியின் முகம் சட்டையைவிட வெளுத்தது. "நோ, சார், நோ. ஷி இஸ் மேட், சார்" என்றார்.

"ஒன் ஹவுஸ், ஒன் மேன். ஐ நோ சே. ஐ நெவர் சே! யூ செட்?"

எனக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. ஒகாவா வாக்கே கொடுக்கவில்லை. முரண்டு பிடித்தவர்களை லோரியில் ஏற்றக் கிராணி தானாகக் கட்டிவிட்ட கதை அது. அந்தப் பொய்யை நம்பித்தான் வேலப்பன் சிரித்துக்கொண்டே ஏறினான். களத்தில் நின்ற அத்தனை பேரில் இது புரிந்தது நான்கு பேருக்கு மட்டும்தான்: பொய் சொன்னவனுக்கு, யார் பெயரால் சொன்னானோ அவனுக்கு, எனக்கு, அப்பாவுக்கு.

அப்பா எனக்கு நேர் எதிரே ஆஸ்பத்திரி ஆட்களோடு நின்றிருந்தார். நான் வாயைத் திறக்கப்போவது அவருக்குத் தெரிந்துவிட்டது. வேண்டாம் என்று தலையசைத்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் தலை எனக்குத் தெரியவில்லை.

"ஆபீசர் வாக்கே குடுக்கலையாம்!" என்று தமிழில் கத்தினேன். "அவன் சொல்லவே இல்லையாம்! வீட்டுக்கு ஒருத்தர்னு சொன்னது கிராணியேதானாம்! வேலப்பனைப் பொய் சொல்லி ஏத்தியிருக்கார்!"

களம் அசைந்தது. அதை வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. யாரும் ஓடவில்லை, யாரும் கல்லெடுக்கவில்லை. வரிசைகள் எல்லாம் ஓரடி முன்னால் வந்தன, அவ்வளவுதான். சிப்பாய்கள் துப்பாக்கியை நிமிர்த்தினார்கள். லோரியில் ஏறியவர்கள் எழுந்து நின்றார்கள்.

ஒகாவா பெட்டியிலிருந்து இறங்கிக் கிராணியை அறைந்தான். அவன் பெயரால் அவனுக்குத் தெரியாமல் வாக்குக் கொடுத்ததற்கு. மூக்குக் கண்ணாடி தெறித்துப் புல்லில் விழுந்தது. பிறகு கூட்டத்தை ஒருமுறை பார்த்தான். தன் பெயரால் போன வாக்கை இத்தனை பேர் முன்னால் இல்லையென்று சொன்னால் யாருக்கு அவமானம் என்று அவன் கணக்குப் போட்டிருக்க வேண்டும். அவன் நல்லவன் என்று நான் சொல்லமாட்டேன். ரோஷக்காரன், அதை மட்டும் சொல்லலாம்.

"நிப்பான் ஆபீசர் வேர்ட், நோ பிரேக்" என்று கத்தினான். "ஹூ வென்ட்? ஸ்பீக்! ஹூ வென்ட்?"

"மை ஹஸ்பண்ட்ஸ் பிரதர் வென்ட்" என்றாள் வேலாயி. செல்லையா இறங்கலாம் என்று ஒகாவா கையைக் காட்டினான்.

அப்போது இன்னொரு குரல் வந்தது. "மை ஹஸ்பண்ட் வென்ட்! ஹி டிட் நாட் கம் பேக்!" லூர்தம்மாள். அவளுக்கு நான் ஒரு சொல்கூடச் சொல்லிக் கொடுத்ததில்லை. மேல் வரப்பில் மண் வெட்டிக்கொண்டு, காதால் கேட்டே எடுத்துக்கொண்டிருக்கிறாள். ஹரோல்ட் இறங்கினான். கடைசி வரிசையிலிருந்து "பிரதர் வென்ட்", "சன் வென்ட்" என்று வேறு குரல்களும் வந்தன. எங்கள் தோட்டத்திலிருந்து போனவர்கள் எல்லோரும் அந்தக் காலைப்பொழுதில் ஒரு தடவை பெயரில்லாமல் கூப்பிடப்பட்டார்கள்.

எல்லாம் முடிந்த பிறகு ஒகாவா வேலாயியிடம் வந்தான். தடை செய்த பாஷையைப் பேசியதற்கு அவளை அறைந்தான். அவள் விழுந்தாள். எழுந்தாள். வாயிலிருந்து பல்லொன்றை உள்ளங்கையில் துப்பினாள். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். களத்தில் கத்தியதற்கு அடுத்த அறை எனக்கு. இன்றைக்கும் குளிர்காற்று அடித்தால் என் இடது காது இரைகிறது. இரைந்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் லோரி காலியாகப் போகவில்லை. முன்னால் யாரையும் அனுப்பாத வீடுகளின் ஆட்கள் அதிலேயே உட்கார்ந்திருந்தார்கள். வாக்கு அவர்களைக் காப்பாற்றவில்லை. தங்கராஜு பின்பலகையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, தம்பியப் பாத்துக்க" என்று கத்தினான். தங்கம்மா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. அவளிடம் ஒகாவாவுக்குச் சொல்ல எந்த 'வென்டு'ம் இல்லை. லோரி வளைவில் திரும்பி மறைந்தது.

கொஞ்ச நாள் தங்கம்மா காட்டுக்கு வரவில்லை. வேலாயி வீங்கிய கன்னத்தோடு வந்தாள். புருஷன் கிடைத்த சந்தோஷத்தை அவள் காட்டவில்லை. தங்கம்மாவின் வெறும் வரப்புக்கும் சேர்த்து அவளே மண் அணைத்தாள். பாடம் நடக்கவில்லை. நான் எதைச் சொல்லிக் கொடுப்பேன்?

தங்கம்மா வந்த அன்று நேராக என் வரப்புக்கு வந்து நின்றாள்.

"பாப்பா, இனிமே எங்கிட்டயும் ஒரு வென்ட் இருக்கு. சின்னவன் சுப்பிரமணியத்தத் தொட மாட்டானுங்க. அப்படித்தானே?"

"ஆமாக்கா" என்றேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அது எனக்கு வேணாம்லா. ஒருத்தனப் பறிகொடுத்தாத்தான் இன்னொருத்தனுக்காக வாயத் தொறக்கலாம்னா, அது என்னா நாயம்? இன்னும் ஒருத்தரையும் குடுக்காத வீடு எத்தனை இருக்கு. அவளுவ எல்லாம் என்னயப் போல வாயத் தொறந்துட்டு நிக்கணுமா? நடந்ததுக்கு வார்த்தை குடுத்தியே. நடக்கறதுக்கு முந்தியே சொல்ற வார்த்தை என்னா? போக மாட்டான், குடுக்க மாட்டேன். அதுக்கு என்னா?"

வேலாயி மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தாள். "ஆமா பாப்பா. அதக் குடு" என்றாள்.

"வில் நாட்" என்றேன். "ஹி வில் நாட் கோ. ஐ வில் நாட் கிவ்."

தங்கம்மா சொல்லிப் பார்த்தாள். பல்லில்லாத வாயில் 'வில்' வழுக்கியது. மறுபடி சொன்னாள். மேல் வரப்பிலிருந்து லூர்தம்மாள் இறங்கி வந்தாள். அவளுக்குப் பின்னால், இன்னும் யாரையும் லோரிக்குக் கொடுக்காத வீட்டுப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். வேலை செய்துகொண்டே சொன்னோம். "ஹி வில் நாட் கோ." மண் விழுந்தது. "ஐ வில் நாட் கிவ்." மண் விழுந்தது.

பிறகு ஒரு நாள் முற்பகலில் ஒகாவா பாதையில் இறங்கி வந்தான். அவன் தொப்பியை முதலில் பார்த்தது தங்கம்மாதான், அவள் நின்ற இடம் அப்படி. நான் இருமலுக்காகக் காத்திருந்தேன். மாரியம்மன் பாட்டு என் நாக்கு நுனியில் இருந்தது.

தங்கம்மா இருமவில்லை. மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து நின்று, முன்னிலும் உரக்க, "ஹி வில் நாட் கோ" என்றாள். வேலாயி சொன்னாள். லூர்தம்மாள் சொன்னாள். சரிவு முழுக்கச் சொன்னது. ஒகாவா நின்றான்.

எல்லோரும் அவன் முகத்தைப் பார்த்தே சொன்னார்கள். எங்கே பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதை இந்த முறை நான் மறக்காமல் சொல்லிக் கொடுத்திருந்தேன்.